இறங்க இருபது நிமிடம்

ஐந்து நாளாக எனக்கு வெளிக்குப் போகவில்லை. இதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லாததால், ஒரு டாக்டரம்மாவிடம் காசு கொடுத்துச் சொன்னேன்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"டவர் கிரேன் ஓட்டுறேன்."

"தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?"

"காலையில ஒரு டம்ளர். சாயங்காலம் இறங்கினதும் ஒரு சொம்பு."

முறைத்தார். அவருக்கென்ன, நாற்காலியிலிருந்து எழுந்தால் கழிப்பறை. எனக்கு ஏணியில் இறங்க இருபது நிமிடம், ஏற இன்னும் கூட. அதுவரை நூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். பதினொரு வருடமாக இப்படித்தான் வாயைக் கட்டி, வயிற்றையும் கட்டினேன்.

"அடக்கிக்கிட்டே இருந்தா குடலும் எத்தனை நாள்தான் கூப்பிடும்? தண்ணி குடிங்க. காய், பழம் சாப்பிடுங்க. வர்ற மாதிரி இருந்தா உடனே போங்க. வலி கூடினா, ரத்தம் பட்டா ஓடி வாங்க. வீட்டுல யாராவது பாத்துப்பாங்கல்ல?"

"பாத்துப்பாங்க" என்று புளுகினேன். வீட்டில் நானும் ஒரு ஸ்டவ்வும்தான்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு வயிறு கூப்பிட்டது. தொங்கிய கம்பிக்கட்டைத் தரையில் இறக்கிவிட்டு வாக்கி டாக்கியை அழுத்தினேன்.

"நான் கீழ வர்றேன்."

"என்னண்ணே, கிரேன் ரிப்பேரா?" சிக்னல்காரரின் குரல். தூக்கு, இறக்கு, நிறுத்து என்று இரண்டு வருடமாக என் காதுக்குள் இருக்கும் ஒரே மனிதக்குரல்.

"கிரேன் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் வயிறு."

எல்லா வாக்கி டாக்கியிலும் கேட்டிருக்கும். யாரோ சிரித்தார்கள். என் மானம் கப்பலேறியது.

இறங்கிக் கழிப்பறைப் பக்கம் திரும்பியதும் மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் கையை நீட்டி மறித்தார்.

"யாருங்க நீங்க? இங்கெல்லாம் வரக்கூடாது."

அதே குரல். எல்லோரும் வருமுன் ஏறி, எல்லோரும் போனபின் இறங்குகிறவன் முகம் அவருக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் நெஞ்சில் சுருக்கென்றது.

"கிரேன்காரன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

தகரக் கதவைச் சாத்திக்கொண்டு அவசரப்படாமல் உட்கார்ந்தேன். ஒருவழியாகப் போனது. கண்ணில் நீர் வந்துவிட்டது, பாதிதான் அந்தச் சுகத்தினால். இத்தனை நல்ல செய்தியைச் சொல்ல எனக்கு ஒரு ஆள் கிடையாது.

வெளியே வந்தால், சிக்னல்காரர் தண்ணீர் பாட்டிலோடு நின்றார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே. நீங்க நல்ல உயரமா இருப்பீங்கன்னு நெனச்சிருந்தேன்." கொஞ்சம் தயங்கினார். "ஆச்சா?"

"ஆச்சுப்பா."

பாட்டிலை வாங்கினேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். மதியத்துக்குள் இன்னொரு தடவை இறங்க வேண்டியிருக்கும்.