சாப்பாட்டில் சேராத ஒரு கரண்டி

பல்லுக்கு நடுவே கடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் வளையத்தை வெந்நீர்க் குழாயின் கீழே பிடித்தபடி தெசங்கா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வளையத்தைச் சூடாக்க வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. சில்லென்ற பிளாஸ்டிக் நாக்கில் பட்டாலே பாதிப் பேருக்குக் குமட்டிவிடும் என்பதை அவளாகவே கண்டுபிடித்து, பத்தொன்பது வருடமாகச் செய்துவருகிறாள். மணி எட்டேகால். டாக்டர் ஸ்ரெத்தென் இன்னும் கீழேதான் இருந்தார். இன்று ஆஸ்பத்திரியின் காவல் புனிதர்களான கோஸ்மா, தமியான் இருவரின் திருநாள். பாதிரியார் ரொட்டி வெட்டி, ஒயின் ஊற்றி, பெரிய டாக்டர் இரண்டு வார்த்தை பேசுகிறேன் என்று இருபது வார்த்தை பேசி முடிக்காமல் யாரும் மேலே வரப்போவதில்லை. வருடா வருடம் வாசலில் படையல் கோதுமைத் தட்டேந்தி நிற்பது தெசங்காதான். இந்த வருடம் தலைவலி என்று சொல்லி ஒரு சின்னப் பெண்ணை நிறுத்திவிட்டாள்.

எண்டோஸ்கோபி அறை என்று பலகையில் எழுதியிருந்தாலும் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. குழாய் முழுங்கப் போகிறேன் என்றுதான் சொல்வார்கள். மயக்க ஊசியெல்லாம் பெல்கிரேடில் வசதியுள்ளவர்களுக்கு. இங்கே தொண்டையில் இரண்டு பீய்ச்சு மரப்பு மருந்து, அப்புறம் தெசங்காவின் கை, அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், அப்போதிருந்த கிழ டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி, மருந்தே இல்லாமல் ஒரு தடவை அவளே முழுங்கிப் பார்த்தாள். பைத்தியமா உனக்கு என்று எல்லோரும் சிரித்தார்கள். வலி ஒன்றும் பிரமாதமில்லை. வாயில் வளையம், தொண்டையில் குழாய், போதும் நிறுத்து என்று சொல்ல வழியில்லை. அதுதான் உயிரை எடுத்தது. அன்றிலிருந்து நோயாளியின் உள்ளங்கையில் தன் ஆள்காட்டி விரலைக் கொடுத்துவிடுவாள். ஓர் அழுத்து அழுத்தினால் எப்பேர்ப்பட்ட டாக்டரும் நிறுத்தியாக வேண்டும். இன்னொரு கை பிடரியில். தாடையைத் தாழ்த்தி, எச்சிலை விழுங்காமல் துண்டில் வழியவிட்டு, மூக்கால் மூச்சுவிடச் சொல்லி, காதோரம் பேசிக்கொண்டே இருப்பாள். பூனை குட்டி போட்டது, முட்டைக்கோஸ் ஊறுகாய் பூசணம் பிடித்தது, வாய்க்கு வந்த எதையாவது. மெத்துக் கை சிஸ்டர் இன்றைக்கு உண்டா என்று போனில் கேட்டுவிட்டு வருகிறவர்கள்கூட இருக்கிறார்கள்.

அந்த மெத்துக் கை எந்தப் பிடரியைத் தொட்டாலும் ஒரு வருடமாக அது, போன திருநாளன்று இங்கே குழாய் முழுங்கிய ராதிஷாவின் பிடரியாகவே இருந்தது. வெயிலில் கறுத்து, சுருக்கம் விழுந்து, ஆஸ்பத்திரிக்கு என்று அன்று காலையில்தான் சவரக்கத்தி பட்ட பிடரி. இளம் பெண்ணாக இருக்கட்டும், கொழுத்த கடைக்காரனாக இருக்கட்டும், கை வைத்ததும் அந்தச் சொரசொரப்பு விரலில் ஏறும். எச்சில் உறிஞ்சும் குழாய் கடகடவென்று சத்தம் போட்டால் அது போய் விழும் ஜாடியையே பார்ப்பாள். நேற்றுப் பட்டியலில் மிலுங்கா என்று ஒரு பெயர் இருந்தது. வயது அறுபத்தெட்டு. ராதிஷாவின் குடும்பப் பெயர், ராதிஷாவின் கிராமம். லீவு போட்டிருக்கலாம், வேறு நர்ஸிடம் தள்ளிவிட்டிருக்கலாம். வரவும் பயம், வராமல் இருக்கவும் பயம். வந்துவிட்டாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு மிலுங்கா உள்ளே வந்தாள். குள்ளம். கறுப்புத் தலைக்குட்டை, கறுப்புக் கம்பளிச் சட்டை, கையில் காபிப் பொட்டலம்.

“மெத்துக் கை சிஸ்டர்ங்கிறது நீங்கதானா? உங்களை நம்பித்தான் வந்திருக்கேன். இந்தாங்க காபிப்பொடி. வேணாம் கீணாம்னு சொன்னீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்.”

“உக்காருங்கம்மா. ஏதாவது சாப்பிட்டீங்களா?” தெசங்கா இந்தக் கேள்வியை இப்போதெல்லாம் இதோடு விடுவதில்லை. “தண்ணி? மாத்திரை? கீழே வச்சிருக்கிற கோதுமை?”

“கோதுமையா? அதைத் தொட்டு ஒரு வருஷம் ஆச்சு. கீழே ஒரு பொண்ணு தட்டை நீட்டுச்சு. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன். எல்லாரும் என்னைப் பேயப் பாக்குற மாதிரி பாத்தாங்க.”

பார்க்காமல் என்ன செய்வார்கள்? படையல் கோதுமையை வேண்டாம் என்பது இந்த ஊரில் நடக்கிற காரியமே இல்லை. கோதுமையை வேகவைத்து, இடித்து, சர்க்கரையும் வால்நட்டும் கலந்து, நடுவில் ஒரு மெழுகுவர்த்தியை நட்டு வைப்பார்கள். ஒரு கரண்டி எடுத்து, சிலுவை போட்டுக்கொண்டு வாயில் போட வேண்டும். புனிதர்களின் பேருக்கு ஒன்று, செத்தவர்களின் பேருக்கு ஒன்று. சர்க்கரை வியாதிக்காரன் எடுப்பான், பல்லில்லாதவன் எடுப்பான், ஊரோடு சண்டை போட்டவனும் எடுப்பான். அதைச் சாப்பாட்டில் யாரும் சேர்ப்பதில்லை.

“போன வருஷம் இதே நாளு, என் வீட்டுக்காரன் இந்தக் கட்டில்லதான் குழாய் முழுங்கினான்,” என்றாள் மிலுங்கா, கட்டிலைப் பார்க்காமல். “அவனுக்குத் தொண்டைக்குக் கீழே குழல் சுருங்கிப்போச்சு, எதைத் தின்னாலும் நெஞ்சுல நிக்கும். முந்தின நாள் ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். திருட்டுத்தனமா எதையோ தின்னுட்டு வந்திருக்கான் சிஸ்டர். குழாய் போட்டதும் வாந்தி. அது நுரையீரலுக்குள்ள போயி, ஒம்பதாம் நாள் போய்ச் சேந்தான். சாப்பிட்டுட்டு வந்தாருன்னு டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு. வீட்டுல போய்ப் பாத்தா, சுட்டு வச்சிருந்த பிட்டாப் பலகாரத்துல ஒரு துண்டக் காணோம்.”

தெசங்கா வெந்நீர்க் குழாயை மூடினாள். வளையம் சூடாகி வெகுநேரம் ஆகியிருந்தது.

“அதுகூடப் பரவால்ல. பசிச்சவன் தின்னான்னு விட்டுடலாம். மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்கும்போதும் எங்கையப் புடிச்சு, ஒண்ணும் திங்கலடி மிலுங்கா, சத்தியமா திங்கலடின்னான். நாப்பத்திநாலு வருஷம் குடும்பம் நடத்திட்டு, சாகுறப்போ பொய்ச் சத்தியம்! நாப்பதாம் நாளுக்குக் கோதுமை வேகவைக்கல நான். அரை வருஷத்துக்கும் வைக்கல. அடுத்த சனிக்கிழமை வருஷம். ஊரே வாயப் பொளந்துக்கிட்டுக் காத்துக்கிட்டிருக்கு. வைக்கமாட்டேன். பொய்ச் சத்தியம் பண்ணினவனுக்குக் கோதுமை எதுக்கு?”

உறிஞ்சு ஜாடியில் அன்று வந்து விழுந்ததை தெசங்கா மட்டும்தான் உற்றுப் பார்த்தாள். சளியும் எச்சிலுமாக, நடுவே வெளுத்த கோதுமைத் துணுக்கு, பழுப்பு நிறத்தில் வால்நட் பொடி. டாக்டர் அதற்குள் ஆக்ஸிஜனுக்கு ஓடிவிட்டார். இவள் ஜாடியை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிவிட்டாள். ஏன் கழுவினாய் என்று அன்றிலிருந்து தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். பயம்தான். வேறு என்ன?

இப்போதும் அந்தப் பயம் நாக்கைக் கட்டியது. முதலில் குழாய் போட்டுவிடலாமே என்று ஒரு நினைப்பு ஓடியது. வாயில் வளையம் ஏறிய பிறகு காதோரம் எதைச் சொன்னாலும் இந்தப் பெண்மணியால் ஒரு வார்த்தை திட்ட முடியாது. எவ்வளவு சுலபம்! நினைத்த மாத்திரத்தில் தெசங்காவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. நிறுத்து என்று சொல்ல முடியாதவர்களுக்காக விரலைக் கொடுத்தவள்தானே அவள். மருந்துக் குப்பியை மேசையில் வைத்துவிட்டு மிலுங்காவின் எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அம்மா, உங்க வீட்டுக்காரர் பொய் சொல்லல.”

“என்னது?”

“அன்னைக்கு வாசல்ல கோதுமைத் தட்டை வச்சுக்கிட்டு நின்னது நான்தான். நீங்க சீட்டுல முத்திரை வாங்கக் கவுண்டர் பக்கம் போயிருந்திருப்பீங்க. அவர் தொப்பியக் கழட்டிட்டு எம்முன்னாடி நின்னார்.”

மிலுங்கா தலைக்குட்டையைக் காதுக்கு மேலே தள்ளிக்கொண்டாள்.

“எடுக்கல. கேட்டார்.”

“என்ன கேட்டான்? அவன் சொன்னத அப்படியே சொல்லு.”

“'எனக்கு இன்னைக்குக் குழாய் முழுங்கணும் சிஸ்டர், இதத் திங்கலாமா?'ன்னு கேட்டார். எனக்குப் பின்னாடி கூட்டம், அவசரம். 'இதெல்லாம் சாப்பாட்டுல சேத்தியா, எடுங்க'ன்னு நான்தான் சொன்னேன். ஒரு கரண்டி எடுத்துக்கிட்டார். அவ்வளவுதான் அவர் தின்னது. அப்புறம் இங்க வந்து, ஏதாவது சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். 'ஒண்ணுமில்ல சிஸ்டர்'னு சிரிச்சார். எனக்கு அப்போ முகமே ஞாபகம் இல்ல. ஜாடியில பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது.”

“ஜாடி எங்க?”

“கழுவிட்டேன்.”

“யார்கிட்ட சொன்ன?”

“யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். இன்னைக்கு டாக்டர்கிட்டயும் எழுதிக் குடுத்துடுவேன். நீங்க இந்தக் குழாயை வேற நாள், வேற சிஸ்டர்கிட்ட போட்டுக்கணும்னாலும் நானே தேதி வாங்கித் தர்றேன்.”

கீழிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. மிலுங்கா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று தெசங்கா நினைத்தாள், அடிப்பாள் என்றும் நினைத்தாள். அடித்தால் தேவலை என்று இருந்தது.

“பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொன்னேன் அவன்கிட்ட,” என்றாள் மிலுங்கா மெதுவாக. “கடைசி நாளு. 'பொய்க்காரா, எங்கையை விடு'ன்னு உதறினேன்.”

கதவு படாரென்று திறந்தது. மீசையில் வால்நட் தூளோடு டாக்டர் ஸ்ரெத்தென் உள்ளே வந்தார். “திருநாள் வாழ்த்து! என்ன ரெண்டு பேரும் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கீங்க? ஆரம்பிக்கலாமா?”

தெசங்கா மிலுங்காவைப் பார்த்தாள்.

“போடுங்க,” என்றாள் மிலுங்கா. “இதுக்குன்னு இன்னொரு தடவை பஸ் ஏறி என்னால வர முடியாது.”

மருந்தைப் பீய்ச்சினார்கள். ஒரு நிமிடத்தில் டாக்டர் அவசரப்பட்டார். மருந்து பிடிக்கட்டும் என்று தெசங்கா வழக்கம்போல அவரை நான்கு நிமிடம் முழுசாகக் காக்க வைத்தாள். மிலுங்கா இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கிக்கொண்டாள். தெசங்காவின் கை பழக்கத்தில் பிடரிக்குப் போனது.

“கைய எடு,” என்றாள் மிலுங்கா. நாக்கு தடித்துக் குழறியது, ஆனால் நன்றாகப் புரிந்தது.

எடுத்துவிட்டாள். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வளையத்தைக் கொடுத்தாள், துண்டை விரித்தாள், விரலை உள்ளங்கை அருகே கட்டில்மேல் வைத்துவிட்டு, “அழுத்தினா நிறுத்திடுவோம்,” என்று மட்டும் சொன்னாள். மிலுங்கா அதைத் தொடவில்லை. குழாய் உள்ளே போனது. பூனையைப் பற்றியோ ஊறுகாயைப் பற்றியோ பேச அன்று வாய் வரவில்லை. அறையில் குமட்டல் சத்தம் மட்டும். மிலுங்காவின் தோள் தூக்கிப்போட்டது, கண்ணில் நீர் தாரையாக இறங்கியது. மூக்கால் மூச்சு, மூக்கால் என்று தெசங்கா கெஞ்சினாள். அப்போதுதான் கட்டில்மேல் ஒரு கை தடவித் தேடி, அவள் விரலைக் கண்டுபிடித்து, எலும்பு நொறுங்குகிற மாதிரி இறுக்கிப் பிடித்தது.

“நிறுத்துங்க டாக்டர்!”

குழாய் நின்றது. மிலுங்கா கண்ணைத் திறந்தாள். நிறுத்த வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். விரலை விடவில்லை. டாக்டர் தொடர்ந்தார். முடிகிற மட்டும் அந்தப் பிடி ஒரு துளிகூடத் தளரவில்லை. பிடித்துக்கொள்கிறாளா, வலிக்கட்டும் என்று நசுக்குகிறாளா என்று தெசங்காவுக்குத் தெரியவில்லை. கேட்கிற உரிமை தனக்கில்லை என்று மட்டும் தெரிந்தது.

“சின்னப் புண்ணு ஒண்ணு. மாத்திரையில போயிடும்,” என்றார் டாக்டர், கையுறையைக் கழற்றிக்கொண்டே.

மிலுங்கா எழுந்து, வாயைத் துடைத்து, தலைக்குட்டையை இறுக்கிக் கட்டினாள். கதவருகில் திரும்பினாள். “வருஷம் பூரா அவனத் திட்டித் தீத்துட்டேன்,” என்றாள் குழறலாக. “உன்ன எப்படித் திட்டுறதுன்னு இனிமேதான் யோசிக்கணும்.”

“ஒரு மணி நேரத்துக்குத் தண்ணிகூடக் குடிக்காதீங்கம்மா. தொண்டை மரத்திருக்கு, புரையேறிடும்,” என்றாள் தெசங்கா. மிலுங்கா கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

டாக்டரிடம் அவள் சொல்லி முடித்து, அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட, அவள் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க இருபது நிமிடம் ஆனது. அப்புறம் கீழே இறங்கினாள். கூட்டம் கலைந்திருந்தது. மேசையில் மெழுகுவர்த்தி அடி வரைக்கும் எரிந்து, கோதுமைக் குவியலின் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதன் பக்கத்துப் பெஞ்சில் மிலுங்கா உட்கார்ந்திருந்தாள். வலது கையில் ஒரு கரண்டி நிறையக் கோதுமை. கீழே சிந்திவிடாதபடி இடது கையைக் குழித்து அடியில் ஏந்தியிருந்தாள். கண் எதிர்ச் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

“இன்னும் எவ்வளவு நேரம்?” என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

“நாப்பது நிமிஷம்.”

மிலுங்கா தலையாட்டினாள். ஒரு துணுக்கு உதிர்ந்து குழித்த உள்ளங்கையில் விழுந்தது. அவள் அதை எடுத்துக் கரண்டியிலேயே திரும்ப வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.