கரையில் விட்ட வண்டு

மலையகத்தில் றொசல்லவுக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்துக் குளத்தை ஆகாயத்தாமரை முழுக்க மூடிவிட்டது. தண்ணீரே கண்ணில் படாது. மற்றவர்களுக்கு அது சனியன். என் வீட்டுக்காரர் இராமையாவுக்கு மட்டும் மாட்டுத் தீவனம். மாசி வெயிலில் புல் கருகினால், நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டின் பழைய கூரைத் தகரம் ஒன்றைச் செடிமேல் போட்டு, அதில் மண்டியிட்டு அறுப்பார். வேண்டாம் என்பேன். சொன்னால் கேட்கிற மனிதரா? கட்டில் மாதிரித் தாங்கும் என்பார். தாங்கவும் செய்தது.

போன வருடம் கோபிசங்கர் என்ற யாழ்ப்பாணத்து அதிகாரி ஒரு பெட்டி வண்டோடு வந்தார். மிளகு அளவில் பழுப்பு வண்டு. மருந்தே வேண்டாம், இதுவே செடியைத் தின்று தீர்த்துவிடும் என்றார். கரையோரமாக விட்டுவிட்டு, "ஒருத்தரும் இதை வெட்டாதேங்கோ, வண்டு பெருகட்டும்," என்று சொல்லிப் போனார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இந்த மாசியில் எங்கள் சினைப் பசு எலும்பும் தோலுமாகிவிட்டது. இராமையா தகரத்தைத் தூக்கினார். வெட்டக் கூடாதென்றார்களே என்று சத்தம் போட்டேன்.

"கரையிலதானே புள்ள வண்டு விட்டாங்க? நான் நடுவுல போய் அறுக்கிறேன். அய்யா பேச்சுக்கும் மரியாத, மாட்டுக்கும் சாப்பாடு," என்றார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பாழாய்ப்போன நியாயம்.

தகரத்தைத் தள்ளித் தள்ளி நடுக்குளத்துக்குப் போனார். முதல் கட்டை அறுத்துக் கயிற்றில் கட்டினார். நான் கரையிலிருந்து இழுத்தேன். கட்டு கனத்தது. மேலே இலை பச்சையாகத்தான் இருந்தது, ஆனால் அதெங்கும் சின்னச் சின்னச் சுரண்டல். தண்டை அழுத்தினேன். கரையில் விட்ட வண்டின் புழு நடுக்குளத்துத் தண்டையும் குடைந்திருந்தது. கூழாகி, தண்ணீராக ஒழுகியது. காற்றைப் பிடித்து மிதக்க வேண்டிய தண்டு அது. கட்டைப் போட்டுவிட்டுக் கத்தினேன்.

"வந்துருங்க! உள்ள ஒண்ணுமே இல்லைங்க!"

அவர் தலையை நிமிர்த்தினார். தகரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சத்தமே இல்லை. ஒரு கை மட்டும் செடியைப் பிடித்தது. பிடித்த செடியும் அவரோடு போனது. கயிற்றை வீசினேன், பாதி தூரம்கூட எட்டவில்லை. சுற்றியிருந்த செடிகள் மெதுவாக நகர்ந்து அந்த இடத்தை மூடிக்கொண்டன.

இப்போது குளக்கரை முழுக்க ஆட்கள். கோபிசங்கர் ஐயாவும் வந்திருக்கிறார். எந்த இடம், காட்டுங்கக்கா என்று எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். எங்கே பார்த்தாலும் ஒரே பச்சை. எந்த இடமென்று எனக்குத் தெரியவில்லை.