தண்ணீருக்கு இரண்டு கிலோ

கணக்கப்பிள்ளை பொன்னையாவுக்கு ஐம்பத்தொரு வயது. அதில் கடைசிப் பதினொரு வருடமாக அவர்தான் சிவபெருமான். இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். கோயில் முன்னால் உயரமாகப் பரண் கட்டுவார்கள். பன்னிரண்டு படி ஏணியில் ஏறி, உச்சியில் உட்கார்ந்து, ஒரு பாட்டுப் பாடி நெற்றிக்கண்ணைத் திறந்து அவர் காமனை எரித்தால்தான் கூத்து முடியும். போன மாசியில் ஆறாவது படியில் சிவபெருமானுக்கு மூச்சு வாங்கியது. ஏழாவது படியில் கண் இருட்டியது. எட்டாவது படியிலிருந்து இரண்டு பேர் தாங்கலாகப் பிடித்து இறக்கினார்கள். காமன் அந்த வருடம் எரியாமலே வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றான்.

கூத்து வாத்தியார் மூக்கன் ஐப்பசியிலேயே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"தம்பி, ஒன் கொரலுக்கு ஈடு இந்தத் தோட்டத்துல இல்ல. ஆனா ஏணிக்குக் கொரல் தெரியாதே. தை முடியிறதுக்குள்ள ஏறிப் பாடிக் காட்டு. இல்லாட்டி கிஷாந்துக்கு வேசம் கட்டிருவேன்."

கிஷாந்த் ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறவன். முப்பது வயது, ஒல்லி, ஏணியே இல்லாமல் கூரையேறுவான். பாடினால் மட்டும் படுத்திருக்கிற நாய் எழுந்து போய்விடும். அவனுக்கா வேஷம் என்று பொன்னையாவுக்கு வயிறு எரிந்தது. வருடம் முழுக்க அவர் கொழுந்தை நிறுத்துக் கணக்கெழுதுகிற கணக்கப்பிள்ளை. கொழுந்து பறிக்கிற பெண்கள் முன்னால் ஐயா என்று சொல்லிவிட்டுப் பின்னால் திட்டுகிற ஆள். அவர்களே அவரை அண்ணாந்து பார்த்துக் கும்பிடுகிற நாள் ஒன்றே ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

வழி தெரியாமல் இல்லை. சீனியும் ஏறுது, எடையும் ஏறுது, ராத்திரிச் சோற்றைக் குறைங்க, மாத்திரையை விடாதீங்க, தினம் அரை மணி நேரம் நடங்க என்று டிஸ்பென்சரி மிஸ் சொல்லியிருந்தார். நடக்கலாம்தான். மழை பெய்தால் வழுக்கும். மழை விட்டால் அட்டை கடிக்கும். அட்டை இல்லாவிட்டால் முழங்கால். முழங்கால் நன்றாக இருந்த அன்று செவ்வாய்க்கிழமை, புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. காலையில் ஆளெடுக்கிற பெரட்டில் பேர் கொடுக்க ஐந்து நிமிடம் பிந்தி வருகிற பெண்ணிடம் "இந்தக் கதையெல்லாம் எங்கிட்ட வேணாம்" என்கிற அதே மனிதர்தான் இவர்.

அந்தச் சமயம் பார்த்துப் போனில் ஒரு வெள்ளைக் கோட்டுக்காரர் வந்தார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கியது. "முப்பதே நாளில் இருபது கிலோ. நடக்க வேண்டாம், பத்தியம் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். வஜ்ரமேனி மூலிகைத் தேநீர் மட்டும் போதும்" என்றார். இன்னும் ஏழு பெட்டிதான் மிச்சம் என்றும் சொன்னார். நான்கு நாள் கழித்துப் பார்த்தபோதும் ஏழு பெட்டிதான் மிச்சம் இருந்தது. அது பொன்னையாவுக்கு உறைக்கவில்லை. தேயிலைக்குள்ளே பிறந்து, தேயிலையை நிறுத்தே தொப்பை வளர்த்த மனிதர், தபாலில் தேயிலை வாங்கினார். இந்தக் கூத்துக்கு வேஷமே தேவையில்லை.

அவர் மனைவி ஜீவராணி ஸ்டோரில் தூள் சலிக்கிறவள். பெட்டியைப் பிரித்து ஒரு சிட்டிகையை மூக்கருகே கொண்டுபோனாள்.

"ஏங்க, இது கூட்டி அள்ளிக் கொட்டுற தூளுங்க. கூட நெலாவாரை எலைய நுணுக்கிப் போட்டிருக்கானுங்க. வயித்தால போகும்."

"அவரு டொக்டரு. ஒனக்கு என்ன தெரியும்?"

"நான் இருவத்திரெண்டு வருசமாச் சலிக்கிறேன். அவரு எத்தன வருசமாச் சலிக்கிறாரு?"

பொன்னையா வெந்நீர் வைத்தார். மாத்திரையை நிறுத்துகிற பேச்சை மட்டும் ஜீவராணி நடக்க விடவில்லை. சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் மாத்திரையை வைத்து, விழுங்குகிற வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் பெரிய தட்டுத் தராசு ஒன்று உண்டு. தேநீர் தொடங்கிய அன்று மாலை கார்த்திகை மழை கொட்டிக்கொண்டிருந்தது. பொன்னையா அதில் ஏறி நின்று, கொழுந்து மூட்டை தூக்கிவைக்க வந்த மீனம்மாவை முள்ளைப் பார்க்கச் சொன்னார். தொண்ணூற்றேழு. பத்து நாள் கழித்து, வெயிலடித்த ஒரு மத்தியானம், மறுபடி ஏறினார். இடையில் அந்தப் பத்து நாளும் அவர் மலைக்குப் போன நேரத்தைவிடக் கக்கூசுக்குப் போன நேரம் அதிகம். முள் தொண்ணூறில் நின்றது.

"பாத்தியா, ஏழு கிலோ. பத்தே நாள்" என்றார், வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

மீனம்மா முள்ளையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"ஐயா, அன்னைக்கு நீங்க ரப்பர் கோட்டு, பூட்ஸ், ஊறிப்போன சுவெட்டரு, கையில கொடை எல்லாத்தோடயும்ல ஏறி நின்னீங்க. எங்களுக்குத் தண்ணிக்கு ரெண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோன்னு கழிச்சு எழுதுறீங்க. ஒங்களுக்கு யாருங்க கழிச்சா?"

வரிசையில் சிரிப்பு ஓடியது. பொன்னையாவுக்கு முகம் கறுத்தது. கொழுந்தில் உள்ள தண்ணீரைக் கையால் தொட்டே சொல்கிறவர் என்று பெயரெடுத்தவர் அவர். "வேலையைப் பாரு" என்று அதட்டிவிட்டு, நேரே மூக்கனைக் கூப்பிட்டு, ஏழு கிலோ குறைந்த உடம்போடு ஏணியில் ஏறினார். நாலாவது படியில் கால் வெடவெடத்தது. ஐந்தாவதில் வயிறு கூப்பிட்டது. இறங்கிய வேகத்தில் பாதி ஏறியிருந்தால் அன்றைக்கே கைலாயம் போயிருக்கலாம். கிஷாந்த் சிரிக்கவில்லை. அதுதான் பொன்னையாவுக்கு அதிகம் வலித்தது.

மறுநாள் எல்லாரும் போன பிறகு, கோட்டு, பூட்ஸ், குடை, நனைத்த சுவெட்டர் எல்லாவற்றையும் தராசில் போட்டார். ஐந்து கிலோ. மிச்சம் இரண்டு கிலோ எந்த வழியில் போனது என்று அவருக்கே தெரியும். உடம்பில் ஒரு பிடி சதையும் குறையவில்லை. மிச்சத் தூளை முருங்கையடியில் கொட்டினார். அவமானமாக இருந்தது. சொல்லி அழவும் ஆளில்லை, ஜீவராணியைத் தவிர. அவளிடம் சொன்னார். அவள் சிரித்துவிட்டு, ராத்திரித் தட்டில் ஒரு அகப்பைச் சோற்றைக் குறைத்தாள்.

மறுநாளிலிருந்து லொறியில் தொற்றிக்கொண்டு மலைக்குப் போவதை விட்டார். பெண்கள் ஏறுகிற குறுக்குப் பாதையிலேயே ஏறினார். திங்கட்கிழமை தோறும் பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தராசில் நிற்பார். மீனம்மா முள்ளைப் படிப்பாள். முதல் வாரம் கால் கிலோ குறைந்தது. இரண்டாவது வாரம் ஒன்றுமில்லை. பொங்கல் வாரம் அரைக்கிலோ கூடியது. இருபது கிலோவை மறந்துவிட்டு, பதினைந்து நாளுக்கு ஒரு படி கூட ஏறினால் போதும் என்று தனக்குள் முடிவு செய்துகொண்டார். ஒரு நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு லொறியைப் பார்த்தார்.

"இந்தக் கதையெல்லாம் எங்கிட்ட வேணாங்கய்யா" என்று சொல்லிவிட்டு மீனம்மா முன்னால் நடந்தாள். அவரும் பின்னால் நடந்தார்.

தை மாதப் பனி வெயிலில், கொழுந்து காய்ந்து சருகாட்டம் கிடந்த ஒரு நாள், பழக்கத்தில் அவர் வாய் "தண்ணிக்கு ரெண்டு" என்றது. பெண்கள் எல்லாரும் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு மேகம் இல்லை. பொன்னையா இருமினார். பிறகு முள் காட்டியதையே எழுதினார்.

தை கடைசி ஞாயிறு, மத்தியானம், கோயில் முன்னால் ஏணியைச் சாத்தினார்கள். கிஷாந்த் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டான். பெண்களும் வந்து நின்றார்கள். பொன்னையா இப்போது எண்பத்தைந்தரை கிலோ. இரண்டு மாதத்தில் குறைந்தது நாலரை. ஆறாவது படி தாண்டியது. ஏழு தாண்டியது. எட்டில் நின்று மூச்சு விட்டு, ஒன்பதுக்குப் போனார். பத்தாவதில் வைத்த கால் கீழே வந்துவிட்டது.

படி ஈரம், முழங்கால், காலையில் சரியாகச் சாப்பிடவில்லை. எல்லாம் வரிசையாக நாக்கின் நுனிக்கு வந்து நின்றன. அவர் ஒவ்வொன்றாக விழுங்கினார்.

"இதுக்கு மேல முடியலண்ணே. என் மூச்சு இவ்வளவுதான்."

வேஷம் போய்விட்டது என்றே நினைத்தார். போவதற்கு முன் ஒருமுறை பாடிவிடலாம் என்று, ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, காமனை எரிக்கிற பாட்டை எடுத்தார். குரல் எங்கும் அறுபடாமல் கடைசி அடி வரை போனது. கீழே ஒருத்தி தன்னையறியாமல் கை குவித்தாள்.

மூக்கன் ஏணியை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார்.

"கிஷாந்து, இந்த வருசம் பரண ஒம்பது படி ஒசரத்துக்குக் கட்டு. காமன் கொஞ்சம் கிட்டக்க இருந்து எரியட்டும்."

"சரிங்க வாத்தியாரே" என்றான் கிஷாந்த். அவன் முகத்தில் தப்பித்த நிம்மதி தெரிந்தது.

பொன்னையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மேலே நின்றபடியே, "இருந்தாலும் பன்னெண்டுதானே கணக்கு" என்று முனகினார்.

மீனம்மா அண்ணாந்து, தராசு முள்ளைப் படிக்கிற அதே குரலில் சொன்னாள்.

"ஒம்பதுங்கய்யா. கழிவு இல்ல."