கிரிலுக்கு எண்ணெய்க்காப்பு

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நிற்கிற கேஸ் கிரிலுக்கு நடக்கிற உபசாரம் இந்த ஊரில் எந்தச் சாமிக்கும் நடப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அபிஷேகம், மத்தியானம் அலங்காரம், சாயங்காலம் எண்ணெய்க்காப்பு. நைவேத்தியம் மட்டும் கிடையாது. வந்து இறங்கிய நாளிலிருந்து அதில் ஒரு கோழிக்கால்கூட வெந்ததில்லை.

பூசாரி என் வீட்டுக்காரர் ஜெயச்சந்திரன். சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறார். கிரிலை அனுப்பியது எங்களுக்கு மாப்பிள்ளையாக வரப்போகிற மணிகண்டராஜ். பெங்களூரில் வேலை பார்க்கிற பையன். நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு, மாமா ஜாலியாகச் சுட்டுச் சாப்பிடட்டும் என்று பார்சல் லாரியில் ஏற்றிவிட்டான். பளபளவென்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், தூக்கித் திறக்க மூடி, உருட்டிப் போகச் சக்கரம், பக்கத்தில் சாமான் வைக்க ஒரு தட்டு. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும்.

அதைச் சுத்தம் பண்ணுவதற்கு அவர் வைத்திருக்கிற சட்டதிட்டங்கள் கொஞ்சநஞ்சமில்லை. கம்பி நாரைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. கீறல் விழும், நாரிலிருந்து உதிர்கிற இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டு துருவேறும். ஸ்டீலில் மெல்லிசாக ஓடுகிற வரி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாகவே துணியை ஓட்ட வேண்டும். பர்னரைக் கழற்றி, ஊக்கை வைத்து ஒவ்வொரு துளையாகக் குத்துவார். குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு டார்ச் அடித்துப் பார்ப்பார். கேஸ் டியூபில் சோப்பு நுரையைத் தடவிவிட்டு, எங்கேயாவது குமிழி விடுகிறதா என்று குனிந்தபடியே காத்திருப்பார். கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவி வைத்ததில்லை இந்த மனுஷன்.

இவ்வளவும் முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இப்போதுதானே துடைத்தது, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்பார். பிறகு கடையிலிருந்து புரோட்டா வரும்.

காரணம் எனக்குத் தெரியும். அவருக்குத் தீ என்றால் பயம். ஏதோ லேசான பயம் இல்லை, சரியான பயம். அவருடைய அப்பா காலத்தில் எதையோ பார்த்திருக்கிறார். அவர் சொன்னதில்லை, நானும் கிண்டிக் கேட்டதில்லை. வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்புதான். தீப்பெட்டிக்கு வீட்டுக்குள் தடை. பூஜை விளக்கேற்ற ஒரு பெட்டியை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். சிவகாசியில் தீப்பெட்டியைத் திருட்டுத்தனமாகப் புழங்குகிற பொம்பளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கிரிலில் பொறி தட்டுவதற்கு ஒரு பேட்டரி உண்டு. அது கசிந்தால் உள்ளே அரித்துவிடும் என்று சொல்லி, அதையும் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

வெளியே ஒருத்தருக்கும் இது தெரியாது. கம்பெனியில் சாம்பிள் வெடித்துப் பார்க்கும்போது, காருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் நிற்பார். கால் நகர மறுப்பதால் நிற்கிறார் என்பது எனக்குத் தெரியும். மற்ற முதலாளிகள் அதைப் பார்த்துவிட்டு அவருக்குச் சிங்கம் என்று பேர் வைத்துவிட்டார்கள். தீபாவளியன்று சிங்கத்துக்கு வருஷம் தவறாமல் வயிற்றுவலி வரும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குச் சம்பந்தி வீட்டு விருந்து வந்து குறுக்கே நின்றது. மாப்பிள்ளையின் அப்பா செந்தூர்பாண்டிக்கும் அச்சங்குளத்தில் பட்டாசுக் கம்பெனி. பெரிய மீசை, அதைவிடப் பெரிய பேச்சு. அணுகுண்டு வெடியைக் கையில் வைத்துக் கொளுத்தி வீசியவன் நான் என்று நிச்சயதார்த்தப் பந்தியிலேயே ஆரம்பித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தம்பிமார்களோடு சாப்பிட வருகிறார்கள் என்று முடிவானதும் மணிகண்டராஜ் போன் போட்டான். கிரிலில்தான் கோழி சுட வேண்டுமாம், முதல் தடவை மாமா கையால்தான் பற்றவைக்க வேண்டுமாம். பாவி, மரியாதை செய்கிறானாம்.

சனிக்கிழமை முழுக்க அவர் மாடியை விட்டு இறங்கவில்லை. துடைத்தார், கழுவினார், மறுபடி துடைத்தார். துரு அண்டாமல் இருக்க, கம்பி வலை, அடித்தகடு, மூடியின் உள்பக்கம் என்று ஓர் இடம் விடாமல் நல்லெண்ணெயை வழிய வழியத் தடவினார். சாப்பிடக் கூப்பிடப் போனபோது எண்ணெய்த் துணியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார்.

"யோகு, சம்பந்திக்குத் தெரிஞ்சா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தொழில் பண்ணுவேன்?" என்றார்.

குட்டு நன்றாக வெளியே வரட்டும் என்றுதான் மனசுக்குள் நினைத்துக்கொண்டு படியேறியிருந்தேன். இத்தனை வருஷம் அந்தச் சிங்கத்தோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த ஆசை இருக்கக் கூடாதா? ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பாவமாகப் போய்விட்டது. சோறு ஆறுகிறது, வாங்க என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ வந்தார்கள். மாடிக் கதவுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்காரர் கம்பெனியில் இருக்கிற மாதிரியே ஒரு செம்புத் தகடு அடித்து வைத்திருக்கிறார். உடம்பில் இருக்கிற கரண்டு இறங்குவதற்கு அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வேறு யாராக இருந்தாலும் இது என்ன கூத்து என்று கேட்டிருப்பார்கள். சம்பந்தியும் அவர் தம்பிமார்களும் ஒரு வார்த்தை கேட்காமல் செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு, தகட்டில் உள்ளங்கையைப் பதித்துவிட்டு வரிசையாக வந்தார்கள். மாப்பிள்ளையும் அப்படியே.

மசாலா தடவிய கோழியோடு நானும் மாடிக்கு வந்துவிட்டேன். மாமா வாங்க என்று மாப்பிள்ளை மூடியைத் திறந்துவிட்டான். இவர் குனிந்து பார்த்தார், பர்னரில் ஏதோ தூசி தெரிகிறதே என்றார். ஊக்கு வந்தது. துளை துளையாகக் குத்த ஆரம்பித்தார். பிறகு டியூபுக்கு நுரை. பிறகு மூடிக்கு ஒரு துடைப்பு. சம்பந்தி மீசையைத் தடவிக்கொண்டு எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்?

"சம்பந்தி, இன்னும் எம்புட்டு நேரந்தான் தேய்ப்பீக? பத்த வைக்கத் தயங்குறீகளோ?"

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் இவருடைய கை அப்படியே நின்றுவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் புது அடுப்பை வீட்டுப் பொம்பளைதான் முதலில் பற்றவைக்க வேண்டும், அதற்காகத்தான் அவர் காத்திருக்கிறார் என்று வாய் கூசாமல் புளுகினேன். இடுப்பில் செருகி வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்தேன். அவர் அதைப் பார்த்த பார்வையை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். குச்சியைக் கிழித்து உள்ளே நீட்டி, கேஸ் திருகைத் திறந்தேன். நீலமாக வரிசையாகப் பிடித்தது. கை தட்டினார்கள். கோழியைப் பரப்பினேன்.

கோழிக் கொழுப்பு சொட்டியது. கீழே நல்லெண்ணெய் தயாராக இருந்தது. குப்பென்று தீ என் தலைக்கு மேலே எழும்பியது.

இடுக்கியைக் கேட்கலாம் என்று திரும்பினால் மாடியில் விருந்தாளி ஒருத்தரையும் காணோம். சம்பந்தியின் வேட்டி நுனி மட்டும் படிக்கட்டுக்குள் மறைந்தது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பட்டாசுத் தொழிலில் பழகின உடம்பு தீயைக் கண்டால் யோசிக்காது, ஓடும். ஓடியவன்தான் வீடு திரும்புவான் என்று சின்ன வயதிலிருந்து ஊட்டி வளர்த்திருக்கிறார்கள். நான் விருதுநகரில் பருப்பு வியாபாரி வீட்டில் பிறந்தவள். எனக்கு யாரும் அந்தப் பாடம் நடத்தவில்லை. கோழித் தட்டைப் பிடித்துக்கொண்டு மரமாக நின்றேன்.

என் வீட்டுக்காரரும் ஓடினார். அவர் முதுகைப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன். ஆனால் திரும்பி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பின்னால் தள்ளிவிட்டு, குனிந்து சிலிண்டரை மூடினார், திருகுகளை மூடினார், மூடியை இழுத்துச் சாத்தினார். வாராவாரம் கழற்றி மாட்டிய கை ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. எல்லாம் முடிந்த பிறகு என் பக்கம் திரும்பினார். என் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். வளையல் சதையில் அழுந்தியது.

கீழே, அடுத்த வீட்டு கேட்டையும் தாண்டி, சம்பந்தியின் குரல் கேட்டது.

"சம்பந்தி, அணைஞ்சிருச்சா?"

அணைந்துவிட்டது என்று நான்தான் எட்டிப் பார்த்துச் சொன்னேன். ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். செந்தூர்பாண்டி இவரை ஏற இறங்கப் பார்த்தார். நாங்கள் அத்தனை பேரும் ஓடிவிட்டோம், நீங்கள் ஒருத்தர்தான் நின்றீர்கள், சும்மாவா சிங்கம் என்கிறார்கள் என்று மனசாரப் புகழ்ந்தார்.

இவர் வழக்கம்போல் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் போதும். சாகிற வரைக்கும் எவனும் சந்தேகப்பட மாட்டான். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். கண்ணால்கூடச் சொன்னேன்.

"நானும் ஓடத்தான் செஞ்சேன் சம்பந்தி. சின்ன வயசுலருந்தே எனக்குத் தீன்னா ஆகாது. படியில கால வச்ச பெறகுதான் பாத்தேன், இவ அங்கனயே நிக்கா."

யாரும் சிரிக்கவில்லை. சம்பந்தி மீசையிலிருந்து கையை எடுத்தார். என் வீட்டுக்காரர் இன்னும் என் மணிக்கட்டை விடவில்லை. சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் நான் கையை உருவிக்கொள்ளவில்லை.