நடுவில் ஒரு ‘ஒஃப்’

கல் உடைக்கிற இடத்தில் வெடி வைத்தபோது தம்பி கனகலிங்கத்தின் காது போனது. முழுதாகப் போகவில்லை. கிட்டப் போய் இடது காதில் கத்தினால் கேட்கும், பதிலும் சொல்வான். தூரத்தில் நின்று கூப்பிட்டால் மரத்தைக் கூப்பிட்ட மாதிரித்தான்.

எண்பத்தைந்தில் கிளிநொச்சிக்குப் போகும் வழியில் ஆமிக்காரர் சென்றி போட்டுக் காவல் நின்றார்கள். இரணைமடுக் குளத்து மீனைப் பெட்டியில் கட்டிக்கொண்டு அவன் அந்த வழியால்தான் சைக்கிளில் போகவேண்டும். நில் என்றால் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் சுடுவார்கள். அங்கே நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. இங்கிலீஷ் கொஞ்சம் வாசிப்பார்கள் என்று சொன்னார்கள்.

விமலேஸ்வரி டீச்சரிடம் போனேன். தலை நரைத்த பிறகு எனக்கு எழுத்துப் பழக்கியவர் அவர்.

“செவிடுங்கிறதுக்கு இங்கிலீசுல என்னாங்க டீச்சர்?”

“டெஃப் எண்டு சொல்லுறது. ஆனா அதை எழுதாதேங்கோ முத்துலிங்கம். அது ஒண்டுமே கேளாத ஆக்களுக்கு. கிட்ட வந்து கத்தினா உங்கட தம்பி பதில் சொல்லிப்போடுவார். பிறகு பொய்க்காரன் எண்டு அடிப்பாங்கள். ஹார்ட் ஒஃப் ஹியரிங், காது மந்தம், எண்டு எழுதுங்கோ.”

எழுதிக் காட்டினேன்.

“நடுவில ‘ஒஃப்’ஐக் காணேல்லை.”

“ரெண்டு எழுத்துத்தானுங்களே. அது இல்லாட்டி என்னா?”

“வாசிக்கிறவன் விளங்காமல் முழிப்பான். அவன் முழிக்கிற நேரத்தில...” நான் திரும்ப எழுதினேன்.

பிஸ்கட் பெட்டி மட்டையில் கறுப்பு மையால் பெரிதாக எழுதி, மழைக்குப் பொலித்தீன் சுற்றி, கயிறு கோத்துத் தம்பியின் கழுத்தில் போட்டேன்.

“மாட்டுக்கு மணி கட்டுற மாதிரி கட்டுறியே அண்ணே. அப்பிடியே சந்தைக்கும் ஓட்டிக்கிட்டுப் போ” என்றான்.

“கூப்பிட்டா திரும்பாத மாட்டை யாரு வாங்குவா?” என்றாள் அவன் மனைவி வடிவம்மா.

“என்னா சொல்றா?” என்று என்னைக் கேட்டான். அவள் சிரித்துக்கொண்டே குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மட்டை வேலை செய்தது. காலையில் போகும்போது சென்றிக்காரர் அதை வாசித்து, காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்து, போ என்று கைகாட்டுவார்களாம். ஒருவன் காதுக்குள் கத்திப் பார்த்தானாம். தம்பி தன் பெயரைச் சொன்னானாம். அவன் ஒன்றும் செய்யாமல் விட்டானாம். டீச்சர் சொன்னது எவ்வளவு சரி என்று நினைத்தேன்.

மாரி தொடங்கின நாளில் மீன் விற்றுத் திரும்பியவன், சென்றியைத் தாண்டி வந்துவிட்டான். புதிதாக வந்த ஒருவன் முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறான். இரண்டு தரம் கூப்பிட்டதாகப் பின்னால் வந்த விறகுக்காரர் சொன்னார். தம்பி பெடலை மிதித்துக்கொண்டே போயிருக்கிறான்.

வீட்டில் கொண்டுவந்து கிடத்தியபோது மட்டை நெஞ்சிலேயே கிடந்தது. பொலித்தீனுக்குள் தண்ணீர்கூடப் போகவில்லை. மூன்று சொல்லும் இருந்தன. ‘ஒஃப்’பும் நடுவில் இருந்தது.

வடிவம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. கயிற்றைக் கழற்றி, மட்டையை என் பக்கம் திருப்பினாள்.

“இதுல பிழை இருக்கா?”

“இல்ல. எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

அவள் மட்டையைப் புரட்டி, ஒன்றும் எழுதாத பக்கத்தைக் கையால் தடவினாள்.

“முதுகுலயும் ஒண்ணு மாட்டியிருக்கலாம்” என்றாள். “அவன் பின்னாலதானே நின்னான்.”