கருணாகரன் ஏறிய மேடு

1956ஆம் ஆண்டு மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அலோர் காஜாவைத் தாண்டித் தம்பின் போகும் சாலையில், கருணாகரன் சைக்கிள் மிதித்து ஏறிய மேடு அவருக்கு மட்டும் முடியாமல் போனது. ரப்பர் பால்மரங்கள் இலை உதிர்த்துச் செம்பு நிறத்தில் தளிர் விடும் அந்தப் பருவத்தில், மேடும் பள்ளமுமான தோட்டப்புறச் சாலைகளில் ஒரு நாள் சுற்றிவருவது காஜா பெராங் சைக்கிள் சங்கத்தின் வழக்கம். கூடக் கிளம்பியவர்கள் எல்லாரும் மேட்டை ஏறி, உச்சியில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு அவருக்காகக் காத்திருந்தார்கள். எட்டிப் பார்த்தால் அவர் வந்துகொண்டுதான் இருந்தார். சக்கரம் சுழன்றது, சங்கிலி ஓடியது, சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. சாலையோரத்து மைல்கல் மட்டும் பின்னால் போகவில்லை. தெங்கேராவில் சைக்கிள் கடை வைத்திருந்த ஹாஜாதான் சங்கத்தின் செயலாளர். அவர் இறங்கிப் போய்க் கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. பிறகு எல்லாருமாகச் சேர்ந்து ஆளைத் தூக்கிப் புல்லில் உட்காரவைத்தார்கள். கால்கள் வெறும் காற்றை மிதித்தன, மூச்சு நின்றது, உதடு நீலம் பாய்ந்தது. பயந்துபோய் மறுபடியும் சீட்டில் ஏற்றிவிட்டதும் மூச்சு திரும்பியது.

"உச்சி தெரியுது ஹாஜா அண்ணே. இதோ வந்துர்றேன்," என்றார்.

அன்று மாலை சேதி காஜா பெராங்குக்கு வந்தபோது அவர் மனைவி சந்திரமதி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் அழவில்லை. அழுவதை அதற்கு நான்கு மாதம் முன்புதான் முடித்திருந்தாள். நவம்பர் மழையில் அவர்களுடைய இரண்டு வயதுப் பையனுக்குக் காய்ச்சல் கண்டு, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. அந்த மழையில் வண்டி எதுவும் கிடைக்காமல், கருணாகரன் மனைவியையும் பிள்ளையையும் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். ஆஸ்பத்திரி குன்றின்மேல் இருந்தது. அந்த மேட்டின் பாதியில் பிள்ளை அவள் மடியிலேயே அடங்கிவிட்டான். அதைப் பற்றிப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவர் ஞாயிறு தவறாமல் சங்கத்தோடு கிளம்பிவிடுவார். அவள் அதன் பிறகு அந்தச் சைக்கிளின் பின்னால் உட்காரவே இல்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய்ப் பார்த்தாள். அதன் பிறகு தினமும் போனாள். பக்கத்திலேயே நின்றபடி சோற்றை உருட்டி வாயில் ஊட்டினாள், முகத்தைத் துடைத்துவிட்டாள், மழை நாளில் குடை பிடித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு மிதிக்கும்போது தூங்குகிறார் என்று தெரிந்துகொண்டாள். காலப்போக்கில் யார் யாரோ வந்து பார்த்தார்கள். கோயில் குருக்கள் எலுமிச்சம்பழம் அறுத்தார். உஜோங் பாசிரிலிருந்து போமோ என்னும் மலாய் மந்திரவாதி ஒருவர் வந்து புகை போட்டு, இது தன் மந்திரத்துக்குள் அடங்கும் காரியமில்லை என்று கைவிரித்தார். போலீஸ்காரர் ஒருவர் வந்து, ஆள் இடது ஓரமாகத்தான் போகிறார், மணி இருக்கிறது, விளக்கு இருக்கிறது, சட்டப்படி குற்றம் எதுவுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சுதந்திரம் வந்தபோது லோரி லோரியாக ஜனங்கள் மெர்டேக்கா என்று முழங்கிக்கொண்டு அவரைக் கடந்து உச்சிக்குப் போனார்கள். அவர் அவர்களுக்கு ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். அவள் சாலையோரத்தில் உட்கார்ந்து, ஒரு நாடே போய்ச் சேர்ந்துவிட்டது, இந்த ஒரு மனுஷனுக்கு வழி இல்லையா என்று மண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

மேடு இல்லாமல் போனால் ஏறுவதற்கும் ஒன்றும் இருக்காது என்ற எண்ணம் அவளுக்கு அப்போதுதான் வந்தது. பொதுப்பணி இலாகாவில் ஓவர்சியராக இருந்த ஜெயபாலனின் வாசலில் போய் நின்றாள். மாதக்கணக்கில் நின்றாள். மழையில் நின்றாள், அவர் வீட்டுக் கல்யாணத்தன்றும் நின்றாள். எப்படியும் சாலையை அகலப்படுத்த வேண்டியிருந்தது. 1959இல் மண்வெட்டும் இயந்திரங்கள் வந்து மேட்டைச் சீவித் தரையோடு தரையாக்கின. கருணாகரன் இறங்கவில்லை. அடியிலிருந்த மண் போன பிறகும், மேடு எந்த உயரத்தில் இருந்ததோ அந்த உயரத்திலேயே, ஒரு தென்னை மரத்தளவு மேலே, வெறும் ஆகாயத்தில் மிதித்துக்கொண்டிருந்தார்.

இப்போது அவளால் சோறு ஊட்டவும் முடியவில்லை. மூங்கில் கழியின் நுனியில் கட்டி நீட்டிப் பார்த்தாள். காற்றில் கழி ஆடி, அவர் வாய்க்கு எட்டியது பாதி, தலையில் விழுந்தது பாதி. நாளுக்கு நாள் அவர் உடம்பு வற்றுவது கீழிருந்தே தெரிந்தது. நான்தான் அவரைக் கொன்றேன், நானே ஆள் விட்டு மண்ணை உருவினேன் என்று அவள் தார்ச் சாலையில் தலையை மோதிக்கொண்டாள். தோட்டத்துப் பெண்கள் பிடித்து இழுத்துப் போனார்கள். ஹாஜாவும் சங்கத்துக்காரர்களும் இரண்டு ஏணிகளைச் சேர்த்துக் கட்டி, லோரியின்மேல் நிறுத்திப் பிடித்தார்கள். ஊட்டிவிட்டு உடனே இறங்கிவிட வேண்டும், கீழே பார்க்கக் கூடாது என்று ஹாஜா பலமுறை சொன்னார். அவள் சோற்றுச் சட்டியோடு கடைசிப் படிவரை ஏறினாள். பக்கத்தில் பார்த்தபோது அவர் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இந்தச் சோறு எத்தனை நாளைக்கு என்று நினைத்தாளோ என்னவோ, ஏணியை உதைத்துவிட்டு, சைக்கிளின் பின்னால் தாவி உட்கார்ந்தாள். சட்டி கீழே விழுந்து சிதறியது.

பாரம் ஏறியதும் சைக்கிள் ஒரு முறை தாழ்ந்து எழுந்தது.

"சந்திரா, பிள்ளையக் கெட்டியாப் பிடிச்சுக்க. இந்தா, ஆஸ்பத்திரி தெரியுது," என்றார் அவர்.

அவளுக்கு அப்போதுதான் அது எந்த மேடு என்று விளங்கியது. அவர் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டாள்.

"திரும்பிப் பாருங்க."

"பேலன்ஸ் போயிரும்."

"போனா ரெண்டு பேரும் சேர்ந்தே விழுவோம். பாருங்க."

அவர் கழுத்தைத் திருப்பினார். வெறும் மடியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பையன் போயிட்டான். நான்தான் வச்சிருந்தேன், எனக்குத் தெரியும். நீங்க மெதுவா மிதிக்கல," என்றாள்.

கீழே நின்றவர்கள் சொன்னது இது. கருணாகரன் மிதிப்பதை நிறுத்தினார். பெடலில் கால் அப்படியே நின்றது. சைக்கிள் இன்னும் கொஞ்ச தூரம் தானாக ஏறி, எதையோ தாண்டி, முன்பக்கம் சாய்ந்தது. பிறகு, இல்லாத மேட்டின் மறுபக்கத்துச் சரிவில் இருவரும் காற்று இரைய இறங்கிப் போனார்கள். சக்கரம் தரையைத் தொட்ட இடம் தம்பின் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு காப்பிக்கடை வாசல். அங்கே அவர் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, மகன் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதார். காப்பிக்கடைச் சீனர் இரண்டு காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். மாலை பஸ்ஸின் கூரையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வீடு திரும்பினார்கள். கால் ஆடுவது நிற்கப் பல வாரம் ஆனது. தூக்கத்தில் அவர் கால் அசையும்போதெல்லாம் சந்திரமதி அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

அந்தச் சாலை இப்போது நேராக, சமமாக இருக்கிறது. இலாகாவினர் இரண்டு முறை கருவி வைத்து அளந்து பார்த்துச் சமம்தான் என்று உறுதி செய்தார்கள். ஆனாலும் சைக்கிளில் வருகிறவர்கள் அந்த மைல்கல் வந்ததும் மிதிப்பதை விட்டுவிடுகிறார்கள். தோட்டத்து ஆட்கள் பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்தே ஆலைக்குப் போகிறார்கள். திரும்பி வரும்போதும் அங்கே இறக்கம்தான்.