நூற்றெண்பது டிகிரி

கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் குமாரசாமிக்கு விமானத்தில் என்ன சாப்பாடு போடுகிறார்கள் என்பதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. சீட்டு சமமாக விரிந்து படுக்கையாகுமா என்பதுதான் கேள்வி. இடுப்பில் டிஸ்க் விலகியிருந்தது. எட்டு மணி நேரம் உட்கார்ந்தே போனால் இறங்கும்போது நிமிர முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெல்போர்னில் மகள் ரித்திகா புது வீட்டில் பால் காய்ச்சுகிறாள். அங்கே நிமிர்ந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் மனுஷனுடைய ஆசை.

டிக்கெட் போட்டுத் தரும் கோட்டைமேட்டு முஜீப், நான்கு கம்பெனிகளின் பிசினஸ் கிளாஸை ஒப்பிட்டுத் தாள் தாளாக எழுதிக்கொண்டு வந்தார்.

"அண்ணா, இந்தக் கம்பெனில சீட்டுக்குக் கதவே வெச்சிருக்கான். சாத்திக்கிட்டா தனி ரூமு. இன்னொருத்தன் பைஜாமா குடுக்கறான். மீன் முட்டை குடுக்கறான், அதுக்குன்னே தனிக் கரண்டி."

"மீன் முட்டைய வெச்சு நான் என்னங்க பண்ணட்டும்? டிகிரி சொல்லுங்க முஜீப்."

"நூத்தி எழுபத்தி ரெண்டுங்க."

"வேண்டாம். ராத்திரி பூரா சறுக்கீட்டே போவோணும்."

நான்காவது கம்பெனியில் நூற்றெண்பது கிடைத்தது. "ரசமட்டம் வெச்சா குமிழி நடுவுல நிக்குமுங்கண்ணா."

"நீங்க படுத்துப் பாத்தீங்களா?"

"நானு இன்னும் பிளேன்லயே ஏறலீங்க."

சிங்கப்பூர் வரை நாலு மணி நேரம்தான். அதற்குச் சாதாரண சீட்டு போதும், அங்கிருந்து மெல்போர்னுக்குப் படுக்கை, திரும்பும்போதும் அப்படியே என்று முடிவாயிற்று. இடுப்பு விஷயம் ரித்திகாவுக்கும் முஜீப்புக்கும் மட்டுமே தெரியும். சம்பந்தி வீட்டில் தெரிந்தால், உடம்பு முடியாதவரை அலைய வைப்பானேன் என்று பால் காய்ச்சும் நாளையே தள்ளி வைத்துவிடுவார்கள்.

கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது காரமடையிலிருந்து சம்பந்தி மாரப்பன் போன் செய்தார். தென்னந்தோப்புக்காரர். மிகவும் நல்லவர். தொல்லையே அதுதான்.

"சம்பந்தி, நீங்க போற பிளேன்லயே எனக்கும் ஒரு சீட்டு போடச் சொல்லிப்போட்டேன் பையன்கிட்ட. பேசீட்டே போலாமுங்க."

பையன் நிதீஷ் அப்பாவுக்குப் போட்டது வழி நெடுகச் சாதாரண சீட்டு. பெண்ணைக் கொடுத்தவர் முன்னால் காலை நீட்டிப் படுத்துக்கொண்டும், பையனைப் பெற்றவர் பின்னால் முழங்காலை மடக்கிக்கொண்டும் போகக்கூடாது என்று நம் பக்கத்தில் எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. எழுதாததால்தான் யாராலும் அதை மீற முடிவதில்லை.

குமாரசாமி ஒரு திட்டம் போட்டார். சிங்கப்பூரில் பிசினஸ் கிளாஸ்காரர்களை முதலில் கூப்பிட்டபோது, காது கேட்காதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மாரப்பன் முன்னே ஏறிப் போய்விட்டால், பின்னாலேயே வந்து சத்தமில்லாமல் தன் படுக்கைப் பக்கம் திரும்பிக்கொள்ளலாம்.

"நீங்க போங்க சம்பந்தி."

"ஐயோ, நீங்க மொதல்ல போங்க."

கடைசியில் இருவரும் ஒட்டிக்கொண்டே விமானத்தின் வாசலுக்கு வந்தார்கள். பணிப்பெண் இருவருடைய டிக்கெட்டையும் பார்த்தாள். மாரப்பனுக்கு வலது பக்கம் கை காட்டினாள். குமாரசாமிக்குத் தலை தாழ்த்தி இடது பக்கம் காட்டினாள்.

மாரப்பன் எட்டிப் பார்த்தார். "அட, அங்க என்னங்க, சோபாவாட்ட இருக்குது?"

குமாரசாமி சட்டென்று ஒதுங்கி வழி விட்டார். "அது உங்களுக்குத்தானுங்க சம்பந்தி. நீங்க அங்க உக்காருங்க."

"சேச்சே, நீங்க எடுத்த சீட்டுங்க."

"நீங்க பின்னால இருக்க, நானு முன்னால இருந்தா நல்லாவாங்க இருக்கும்? உக்காருங்க."

"வேண்டாமுங்க, நமக்கு எதுக்கு?"

நம் ஊரில் இரண்டு தடவை மறுப்பது மரியாதை. மூன்றாவது தடவையும் மறுத்தால் எதிராளியை அவமதித்ததாகிவிடும். மாரப்பன் மரியாதை தெரிந்தவர். குமாரசாமி மூன்றாவது தடவை கேட்டதும், "நீங்க இவ்வளவு சொல்றப்ப..." என்று இடது பக்கம் திரும்பினார். பின்னால் ஆட்கள் நின்றதால், பணிப்பெண்ணும் சரி என்று தலையாட்டினாள்.

நாற்பத்தோராம் வரிசையில், இரண்டு தடித்த ஆட்களுக்கு நடுவில் குமாரசாமி உட்கார்ந்தார். இரண்டு மணி நேரத்தில் இடுப்பில் யாரோ திருப்புளியை வைத்து முறுக்குவது போலிருந்தது. எழுந்து கழிப்பறைப் பக்கம் போய் நின்றார். சம்பந்தியாவது நிம்மதியாகப் படுத்திருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோது, திரையை விலக்கிக்கொண்டு மாரப்பனே வந்தார். கையில் இரண்டு சாக்லேட்.

"உங்களுக்குத்தானுங்க கொண்டாந்தேன். அங்க என்ன, ஆனை மேல உக்காத்தி வெச்சாப்பல இருக்குது. காலை வெக்கற திண்டு ஒரு காத தூரத்துல இருக்குது, எட்டவே மாட்டீங்குது. முதுகு விட்டுப்போச்சுங்க."

குமாரசாமி சாக்லேட்டை வாங்க மறந்தார். "நீங்க... சாயவே இல்லீங்களா?"

"அந்தப் பொண்ணு மெத்தையத் தூக்கிட்டு வந்து என்னமோ கேட்டுது. பாவம், அதுக்கு எதுக்குச் சிரமம்னு வேண்டாம்னுட்டேன்."

நேராகச் சொன்னால் சம்பந்திக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னது போலாகிவிடும். குமாரசாமி சுற்றி வளைத்தார். "கைப்புடில பொத்தான் கித்தான் எதாச்சும் இருந்துதுங்களா?"

"ஏழெட்டு இருக்குது. எதையாச்சும் அமுக்கி பிளேனுக்கு எதாச்சும் ஆயிப்போச்சுன்னா? நானு கையே வெக்கலீங்க."

நான்கு கம்பெனியை அலசி வாங்கிய படுக்கை, அப்படியே நாற்காலியாகவே மெல்போர்ன் போய்ச் சேர்ந்தது.

ரித்திகாவும் நிதீஷும் வெளியே காத்திருந்தார்கள். குமாரசாமி தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி பாதி வளைந்து வந்தார். மாரப்பன் பிசினஸ் கிளாஸில் கொடுத்த சின்னப் பையைத் தோளில் மாட்டி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க மாமா, முன்னால உக்காந்து நீங்களா வந்தீங்க?" என்று கேட்ட ரித்திகாவின் பார்வை அப்பாவின் முதுகுக்குப் போனது. அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

"உங்கப்பா குடுத்துப்போட்டாரு அம்மணி. மனசு பெருசு அவருக்கு," என்றார் மாரப்பன். பிறகு மகனிடம் திரும்பினார். "ஏண்டா நிதீசு, அது பொல்லாத சீட்டு. நானே ஒரு வழி ஆயிட்டேன். திரும்பிப் போறப்ப இவரை அதுல உக்கார வெக்கறது பாவம். அதை மாத்தி, ரெண்டு பேருக்கும் பக்கத்துல பக்கத்துல போட்டுடு."

நிதீஷ் போனை எடுத்தான். "மாமா, மாத்திரட்டுங்களா?"

ரித்திகா வாயைத் திறந்தாள். குமாரசாமி முந்திக்கொண்டார்.

"வேண்டாமுங்க மாப்பிள்ளை, எதுக்குச் சிரமம்?"

"சிரமமெல்லாம் இல்லீங்க மாமா."

"அட, இருக்கட்டுமுங்க."

"மாத்தட்டுமுங்க சம்பந்தி," என்றார் மாரப்பன் அன்பாக. "நானு சொல்றேனல்லொ?"

இரண்டு தடவை ஆகிவிட்டிருந்தது. குமாரசாமி ஒரு கையால் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பாஸ்போர்ட்டை எடுத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தார்.

"ரொம்ப சந்தோசமுங்க," என்றார்.